நகரின் நீர்க்களஞ்சியம்

தை மாதத்தில் நெல் அறுவடையாகிக் களத்துமேட்டில் குவிந்து கிடக்கும்பொழுது, உழவன் அதனை முழுவதும் விற்றுவிடுவதில்லை. விதைக்கென ஒரு பகுதியையும், வீட்டாரின் உணவுக்கென ஒரு பகுதியையும் குதிரில் கொட்டி வைக்கிறான். அக்குதிர் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்? வீட்டில் உண்போர் எத்தனை பேர், அடுத்த அறுவடைக்கு எத்தனை மாதம், எலியும் ஈரமும் கொண்டுபோவது எவ்வளவு, அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் என் செய்வது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அவன் குதிரின் அளவை முடிவு செய்கிறான். இவற்றுள் ஒன்றை மறந்தாலும், ஆடி மாதத்தில் அவன் வீட்டு அடுப்பில் பூனை உறங்கும்.

நெல்லுக்கு உரிய இம்முறை நீருக்கும் உரியது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையின் பெருமையை உணர்ந்த நம் முன்னோர், பெய்த மழையைத் தேக்கி வைக்கும் வகையையும் அறிந்திருந்தனர். ஊர்தோறும் ஏரியும் குளமும் ஊருணியும் அமைத்தனர். ஊர் சிறிதாக இருந்தவரையில் ஓர் ஊருணி போதுமானதாக இருந்தது. இலட்சக் கணக்கான மக்கள் ஒருங்கே வாழும் மாநகருக்கோ ஊருணி போதாது. நூறு ஊருணிகளும் போதா. மழை நாளில் வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, மழையில்லாத மாதங்களில் அளந்து தரும் பெரிய நீர்த்தேக்கம் அதற்கு வேண்டும். அத்தகைய நீர்த்தேக்கத்தை எவ்வாறு திட்டமிடுகின்றனர் என்பதைச் சென்னை மாநகரின் வரலாற்றைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

சென்னையைப் போன்று நீருக்குத் தவித்த பெருநகர்கள் உலகில் பல இல்லை. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு எதுவும் அதன் அருகில் இல்லை. கொசத்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் மழைக்காலத்தில் பெருகி, பின்னர் வற்றும் இயல்பின. இந்நகரில் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சிறிய அளவன்று. ஆயினும், அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்துவிடுகிறது. அம்மூன்று மாதங்களுள்ளும் பெருமழை பெய்யும் நாள்கள் சிலவே. அந்நாள்களில் பெருகும் வெள்ளத்தைத் தேக்காவிடில், அது ஓரிரு நாளில் கடலைச் சேர்ந்துவிடும். மூன்று மாத வரவைக் கொண்டு பன்னிரண்டு மாதச் செலவை நடத்தவேண்டிய குடும்பத்தின் நிலைமையே சென்னையின் நிலைமையாகும்.

தொடக்கத்தில் நகரத்து மக்கள் கிணற்று நீரையும் குளத்து நீரையும் பருகி வாழ்ந்தனர். 1772-ஆம் ஆண்டில், கோட்டையில் இருந்தவர்களுக்கு நீர் வழங்குவதற்காகக் கோட்டைக்கு வடக்கே கிணறுகள் வெட்டப்பட்டன. அப்பகுதி இன்றும் ஏழுகிணறு என்றே வழங்குகிறது. மக்கள் தொகை பெருகப் பெருகக் கிணறுகள் போதாவாயின. 1866-ஆம் ஆண்டில் பிரேசர் என்னும் பொறியாளர் ஒரு திட்டம் வகுத்தார். கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு எழுப்பி, ஆற்று நீரைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்புவது அத்திட்டத்தின் கருத்தாகும். அதன்படி 1872-ஆம் ஆண்டில் செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாய் வழியே நகருக்கு நீர் வரலாயிற்று. உழவுக்குப் பயன்பட்டு வந்த சிற்றேரிகள் இவ்வாறு மாநகரின் தாகம் தீர்க்கும் நீர்நிலைகளாக மாறின.

எனினும், திறந்த கால்வாயில் வந்த நீரில் தூசியும் அழுக்கும் கலந்தன. அந்நீரை வடிகட்டித் தூய்மை செய்து, குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் நிலையத்தை மேட்லி என்னும் பொறியாளர் கீழ்ப்பாக்கத்தில் அமைத்தார். 1914-ஆம் ஆண்டு முதல் அது இயங்கலாயிற்று. தியாகராய நகரில் உள்ள மேட்லி சாலை அவர் பெயரால் அமைந்ததாகும்.

நகரின் நீர்த் திட்டத்தை வகுத்த அக்காலத்துப் பொறியாளர்கள், உழவன் கேட்ட முதல் வினாவைத் தாமும் கேட்டனர். 'நீர் அருந்துவோர் எத்தனை பேர்?' என்பதே அவ்வினா. அன்று சென்னையில் வாழ்ந்தோர் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1961-ஆம் ஆண்டில், நகரின் மக்கள் தொகை 6 இலட்சத்து 60 ஆயிரம் ஆகும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது ஏறத்தாழ 114 லிட்டர் நீர் என்று கணக்கிட்டுக் குழாய்களையும் நிலையங்களையும் அமைத்தனர்.

நடந்தது யாது? 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மக்கள் தொகை 7 இலட்சத்து 77 ஆயிரத்தைக் கடந்துவிட்டது. 1961-ஆம் ஆண்டிலோ அது 17 இலட்சத்து 29 ஆயிரமாக இருந்தது. ஆறரை இலட்சம் பேருக்கென்று இட்ட பந்தியில் பதினேழு இலட்சம் பேர் வந்து அமர்ந்தனர். இதற்காக அப்பொறியாளர்களை நகைத்தல் தகாது. அவர்கள் ஐம்பது ஆண்டு முன்னோக்கிக் கணக்கிட்டனர், அது பாராட்டத்தக்கதே. ஆயினும், ஒரு நகரம் தன் பிள்ளைகளால் மட்டும் வளர்வதில்லை. தொழிலும் கல்வியும் தேடி வருவோராலும் வளர்கிறது. இவ்வுண்மையை அவர்களது கணக்கு போதிய அளவு கொள்ளவில்லை. கணக்கில் நேர்ந்த பிழையைச் சுமந்தவர்கள் யாவர்? விடியற்காலையில் தெருக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தாய்மார்கள்! பொறியாளரின் தாளில் ஓர் எண்ணாக இருப்பது, ஏழையின் இடுப்பில் ஒரு குடமாக இருக்கிறது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, இரண்டாம் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் வருவோம். மழையில்லாத மாதங்கள் எத்தனை? மழை பொய்க்கும் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு? இவற்றை எளிய கணக்கு ஒன்றினால் விளக்கலாம்.

ஒரு நகருக்கு மாதந்தோறும் 10 பங்கு நீர் தேவை எனக் கொள்வோம். ஆண்டுக்கு 120 பங்கு தேவையாகும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் 120 பங்கு நீர் ஏரிக்கு வருகிறது. ஏனைய மாதங்களில் ஒன்றும் வருவதில்லை எனவும் கொள்வோம். அம்மூன்று மாதங்களில் நகரம் 30 பங்கைப் பயன்படுத்திவிடும். எனவே, டிசம்பர் இறுதியில் 90 பங்கு நீர் தேங்கி நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றால், செப்டம்பர் இறுதிவரை ஒன்பது மாதம் நகரம் தவிப்பின்றி வாழும். ஆகவே, 90 பங்கு கொள்ளும் ஏரி போதும் என்று நாம் எண்ணக்கூடும்.

ஆனால், ஓர் ஆண்டு மழை பாதியாகக் குறைந்து, 60 பங்கு நீரே வருகிறது எனக் கொள்ளுங்கள். மழை மாதங்களின் செலவு போக எஞ்சி நிற்பது 30 பங்கே. அது மூன்று மாதத்திற்கே போதும். மார்ச்சு இறுதியில் ஏரியின் அடிமண் வெடிக்கும். கடுங்கோடை அதன் பின்னரே வரும்! அந்த ஆண்டையும் கடக்கவேண்டுமானால், முந்திய நல்லாண்டுகளில் மிகுதியாகப் பெய்ததிலிருந்து 60 பங்கு நீர் சேமிப்பில் இருந்திருத்தல் வேண்டும். அதற்கு 90 பங்கு கொள்ளும் ஏரி போதாது. 150 பங்கு கொள்ளும் ஏரி வேண்டும். இவ்வாறு நீரின் வரவையும் செலவையும் மாதந்தோறும் கூட்டிக்கொண்டே சென்று, இரண்டுக்கும் இடையே ஏற்படும் மிகப் பெரிய இடைவெளியைக் கண்டு நீர்த்தேக்கத்தின் அளவை முடிவு செய்யும் முறையை 1883-ஆம் ஆண்டில் ரிப்பிள் என்னும் பொறியாளர் வெளியிட்டார். பெரிய நீர்த்தேக்கம் எதற்கு என்னும் வினாவுக்கு இக்கணக்கே விடையாகும். சிறிய ஏரி ஆண்டின் வறண்ட மாதங்களைக் கடத்தும். பெரிய ஏரியே வறண்ட ஆண்டையும் கடத்தும்.

அங்ஙனமாயின், எல்லையின்றிப் பெரிய ஏரியை அமைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அஃது இயலாது. ஏரியைப் பொறியாளர் அமைக்கலாம். மழையை அமைக்க அவரால் இயலுமோ? ஏரிக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். அப்பகுதி தரக்கூடிய நீரின் அளவுக்கு மேற்பட்ட ஏரி ஒருகாலும் நிரம்பாது. நெல் விளையாத ஊரில் பெரிய குதிர் செய்து வைப்பதனால் பயன் என்னை? ஆகவே, பல ஆண்டுகளின் மழைக் குறிப்பையும் ஆற்று வெள்ளத்தின் குறிப்பையும் ஆராய்ந்த பின்னரே நீர்த்தேக்கத்துக்குரிய இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

மூன்றாம் வினா ஒன்று எஞ்சியுள்ளது. நெல்லை எலி தின்கிறது. நீரைத் தின்பது எது? வானில் உள்ள கதிரவனே தின்கிறான். கோடைக் காலத்தில், நம் நாட்டு ஏரியின் நீர்மட்டம் வெயிலினால் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறைகிறது. இது விரல் நகத்தின் அகலமும் இல்லாத அளவே. ஆயினும், ஏரியின் பரப்பு 10 சதுர கிலோமீட்டர் ஆயின், ஒரு நாளில் ஆவியாய்ப் போகும் நீர் 6 கோடி லிட்டர் ஆகும். ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 6 இலட்சம் பேருக்கு ஒரு நாள் போதுமான நீரை ஓசையின்றி வெயில் பருகிவிடுகிறது.

இவ்விழப்பைக் குறைக்கும் வழி யாது? ஏரி ஆழமாக இருத்தல் வேண்டும். ஒரே அளவு நீரை 4 மீட்டர் ஆழத்தில் தேக்கினால் 10 சதுர கிலோமீட்டர் பரப்பு வேண்டும். 8 மீட்டர் ஆழத்தில் தேக்கினால் 5 சதுர கிலோமீட்டர் போதும். பரப்புப் பாதியானால் ஆவியாகும் நீரும் பாதியாகும். மலைநாட்டில், இரு குன்றுகளுக்கு இடையே அணை எழுப்பி நீரை ஆழமாகத் தேக்கலாம். சென்னையைச் சூழ்ந்த நிலமோ தட்டையானது. அங்கு மலையிடுக்கு இல்லை. நீண்ட கரை எழுப்பி, அகன்ற பரப்பில் நீரைத் தேக்குவதே இயலும். சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் எல்லாம் அகன்று ஆழம் குறைந்தனவாய் இருப்பது இதனாலேயே ஆகும். வெயிலோடு வண்டலும் ஒரு பகை. வெள்ளம் அடித்துவரும் மண் ஆண்டுதோறும் ஏரியின் அடியில் படிந்து, நீருக்குரிய இடத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. ஆகவே, ஆவியாவதற்கும் வண்டலுக்கும் உரிய பங்கை முன்னரே ஒதுக்கி வைத்த பின்னரே எஞ்சியதைக் குடிநீர் என்று கணக்கிடுதல் வேண்டும்.

நால்வகை வினாக்களையும் அறிந்தோம். இனி, இவ்வினாக்களுக்கு விடையாக எழுந்த பூண்டி நீர்த்தேக்கத்தின் வரலாற்றைக் காண்போம்.

1939-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த திருமயத்தில் 1887-ஆம் ஆண்டில் பிறந்தவர். விடுதலைப் போரில் நாவன்மையால் நாட்டைத் தட்டி எழுப்பியவர். பெருந்தலைவர் காமராசர் தம் அரசியல் ஆசானாகக் கொண்டு போற்றியவர். அவர் பொறுப்பேற்ற காலத்தில் நகரில் குடிநீர்த் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. சோழவரமும் செங்குன்றமும் மட்டும் இனிப் போதா என்பது தெளிவாயிற்று. மழைக்காலத்தில் கொசத்தலையாற்றில் பெருகிய வெள்ளமோ தாமரைப்பாக்கம் அணைக்கட்டைத் தாண்டி ஓடி, எண்ணூருக்கு அருகில் கடலில் கலந்து வீணாயிற்று. அவ்வெள்ளத்தை மேற்பகுதியிலேயே தடுத்துத் தேக்குவதற்குப் பூண்டி ஏற்ற இடமாக அமைந்தது. நகரி ஆறும் பூண்டிக்கு மேலேயே கொசத்தலையாற்றோடு கூடிவிடுகிறது. எனவே, இரண்டு ஆறுகளின் வெள்ளத்தையும் அங்கு ஒருங்கே பிடிக்கலாம்.

திட்டம் நன்று, காலமோ தீது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அரசின் பணமும் பொருளும் ஆளும் போர்முனையை நோக்கியே சென்றன. குடிநீர்த் திட்டத்தைப் போர் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது எளிதாக இருந்தது. ஆனால், தாகம் போர் முடியும்வரை காத்திராது அன்றோ? சத்தியமூர்த்தி வாதாடி அரசின் ஒப்புதலைப் பெற்றார். 1940-ஆம் ஆண்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 65 இலட்சம் ரூபாய்ச் செலவில் பணிகள் நடைபெற்று, 1944-ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 257 கோடி கன அடிக்கு மேற்பட்ட நீரை அது அன்று கொண்டது.

அந்நாளில் மேடையில் இருந்திருக்கவேண்டிய ஒருவர் இல்லை. 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்ட சத்தியமூர்த்தி, உடல்நலம் குன்றி, 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் காலமானார். எந்த நீருக்காக அவர் வாதாடினாரோ அந்நீரில் ஒரு குவளையேனும் அவர் பருகவில்லை. நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டு நாடு தன் நன்றியைக் காட்டியது.

அணை எழும்பிய கதையை நினைக்கும்பொழுது, நீருள் மூழ்கிய ஊர்களையும் நினைத்தல் வேண்டும். பூண்டிக்கருகில் திருவெண்பாக்கம் என்னும் பழம்பதி இருந்தது. கண்ணொளி இழந்து வந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இறைவன் ஊன்றுகோல் அளித்த தலம் என்று அது போற்றப்பட்டது. நீர்த்தேக்கத்தினால் அவ்விடம் மூழ்கவே, ஊன்றீசுவரர் கோயில் பூண்டிக்கு மாற்றி அமைக்கப்பட்டது. தெய்வத்தை எடுத்துச் செல்லலாம். தலைமுறை தலைமுறையாக உழுத வயலை எடுத்துச் செல்ல இயலுமோ? ஒரு நகரம் குழாயைத் திறக்கும்பொழுது வருவது மழை நீர் மட்டுமன்று. எங்கோ ஓர் ஊரார் விட்டுக்கொடுத்த நிலத்தின் பயனும் ஆகும். ஆதலின், பெரிய நீர்த்தேக்கத்தைத் திட்டமிடுவோர், நிலம் இழப்போருக்கு நிலத்தையும் வாழ்வையும் ஈடு செய்யும் செலவைத் திட்டத்தின் முதற்செலவாகக் கொள்ளுதல் அறமாகும்.

பூண்டி வந்தபின் சென்னையின் தாகம் தீர்ந்ததா? சில காலம் தணிந்தது, தீரவில்லை. நகரம் மேலும் வளர்ந்தது. 1983-ஆம் ஆண்டில், தொலைவில் உள்ள கிருஷ்ணை ஆற்றின் நீரைச் சென்னைக்குக் கொண்டுவர ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மகாராட்டிரமும் கருநாடகமும் ஆந்திரமும் தத்தம் பங்கிலிருந்து ஆண்டுக்கு 500 கோடி கன அடி வீதம் விட்டுக்கொடுக்க இசைந்தன. ஆக 1,500 கோடி கன அடியில், வழியில் இழப்பது போக 1,200 கோடி கன அடி தமிழக எல்லையை அடைதல் வேண்டும் என்பது உடன்பாடு. கண்டலேற்றிலிருந்து நீண்ட கால்வாய் வழியே 1996-ஆம் ஆண்டில் கிருஷ்ணை நீர் பூண்டியை வந்தடைந்தது. பல ஆண்டுகளில் உடன்பட்ட அளவினும் மிகக் குறைவாகவே நீர் வந்தது எனினும், அந்நீர் நகரைப் பலமுறை காத்துள்ளது.

அந்நீரைத் தேக்குவதற்காகப் பூண்டியின் நீர்மட்டம் 2 அடி உயர்த்தப்பட்டது. அதன் கொள்ளளவு 257 கோடி 30 இலட்சம் கன அடியிலிருந்து 323 கோடி 10 இலட்சம் கன அடியாயிற்று. இரண்டே அடி உயரத்தில் 65 கோடி கன அடிக்கு மேல் இடம் கிடைத்தது எவ்வாறு? ஏரி என்பது அகன்ற தாம்பாளம் போன்றது. அடியில் குறுகி மேலே விரிவது. எனவே, மேற்பகுதியில் கூடும் ஓர் அடியே அடிப்பகுதியின் பல அடிகளுக்கு ஒப்பாகும். 2020-ஆம் ஆண்டில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஆகிய இரண்டு ஏரிகளை இணைத்து அமைக்கப்பட்ட புதிய நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 50 கோடி கன அடியே. பூண்டிக்குப் பின் சென்னைக்கெனப் புதிதாக எழுந்த நீர்த்தேக்கம் அதுவே. புதிய இடம் தேடுவதற்கு முன், பழைய ஏரியைத் தூர் எடுத்தும் கரையை உயர்த்தியும் பெரிதாக்க இயலுமா என்று ஆராய்தல் அறிவுடைமை என்பது இதனால் விளங்கும்.

இன்று பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தும் நிரம்பினால் அவற்றில் தேங்கும் நீர் ஏறத்தாழ 1,175 கோடி கன அடி. அதாவது 33,000 கோடி லிட்டருக்குச் சற்று மிகுதி. நகருக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் வழங்கினால், கணக்கின்படி அது 330 நாள்களுக்குப் போதும். வெயில் பருகும் பங்கைக் கழித்தால் நாள்கள் இன்னும் குறையும். இதன் பொருள் யாது? எல்லா ஏரிகளும் நிரம்பி வழிந்தாலும், அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் நகரைக் காக்க அவற்றில் நீர் எஞ்சாது. 150 பங்கு வேண்டிய இடத்தில் நம்மிடம் இருப்பது 90 பங்கு ஏரியே.

இவ்வுண்மையை 2019-ஆம் ஆண்டு யாவருக்கும் உணர்த்தியது. முந்திய ஆண்டுகளின் பருவமழை குறைந்தமையால், அவ்வாண்டு சூன் மாதத்தில், அன்று இருந்த நான்கு ஏரிகளும் ஒருங்கே வறண்டன. அவற்றின் மொத்தக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. சூலை மாதத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சோலார்பேட்டையிலிருந்து புகைவண்டி வழியே நீர் கொண்டுவரப்பட்டது. ஒரு வண்டி கொணர்ந்த நீர் 25 இலட்சம் லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 25,000 பேருக்கு ஒரு நாளைக்கே அது போதும். வண்டி நீர் ஏரி நீருக்கு ஈடாகாது என்பதை இவ்வெண்களே கூறும்.

ஆனால், அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015-ஆம் ஆண்டு டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. பெருமழையால் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்ப, அதிலிருந்து பெருமளவு நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரக் குடியிருப்புகள் மூழ்கின. உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. ஏரியைக் காப்போரின் கடமை எத்துணைக் கடினமானது என்பதை எண்ணிப் பாருங்கள். வரப்போகும் கோடைக்காக ஏரியை நிரப்பி வைத்தல் வேண்டும். வரப்போகும் வெள்ளத்துக்காக அதில் இடம் விட்டும் வைத்தல் வேண்டும். இடம் விட்டபின் மழை வாராதொழியின் நகரம் தவிக்கும். நிரப்பியபின் பெருமழை வரின் நகரம் மூழ்கும். கொள்ளளவு பெரிதாயின் இவ்விரு கடமைகளையும் ஒருங்கே ஆற்றுதல் எளிதாகும். பெரிய நீர்த்தேக்கத்தின் தேவைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒரு களஞ்சியத்தையே நம்பியிருத்தலும் அறிவுடைமை ஆகாது. ஆகவேதான், 2004-ஆம் ஆண்டில், சோழர் காலத்து வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே சென்னைக்கு நீர் கொண்டுவரப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் மீஞ்சூரிலும் 2013-ஆம் ஆண்டில் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கலாயின. கடல் நீரைக் குடிநீராக்க மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகும். எனினும், மழை பொய்த்தாலும் கடல் பொய்ப்பதில்லை. 2003-ஆம் ஆண்டில், வீடுதோறும் மழைநீரைச் சேமித்தல் வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் செய்தது. கூரையில் விழும் நீரை மண்ணுக்குள் செலுத்தினால், நகரத்தின் அடிநிலமே ஒரு நீர்த்தேக்கம் ஆகும். அதனை வெயில் எளிதில் பருகாது. அதற்காக எவர் வயலும் மூழ்குவதில்லை.

இதுகாறும் கண்டவற்றால், நீர்த்தேக்கம் என்பது வெறும் மண்கரையும் மதகும் அன்று என்பது புலனாகும். அது மழை மாதம் கோடை மாதத்துக்கும், நல்லாண்டு வறண்ட ஆண்டுக்கும், இன்றைய தலைமுறை நாளைய தலைமுறைக்கும் கொடுத்து வைக்கும் பொருளாகும். அதனைத் திட்டமிடுவோர் சராசரி மழையை மட்டும் நம்புதல் ஆகாது; பொய்க்கும் மழையையும் எண்ணுதல் வேண்டும். இன்றைய மக்கள் தொகையை மட்டும் எண்ணுதல் ஆகாது; இனிப் பிறப்போரையும், இனி வருவோரையும் எண்ணுதல் வேண்டும். நகரின் தாகத்தை எண்ணும்பொழுது, நிலம் தருவோரின் இழப்பையும் எண்ணுதல் வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம்; சிலர் நகர மன்றங்களில் அமரலாம்; பலர் குடிமக்களாய் இருந்து அவர்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். அப்பொழுது, ஏரியின் உட்பரப்பில் வீடு எழும்புவதையும், வரத்துக் கால்வாயில் குப்பை நிறைவதையும் கண்டு வாளா இராதீர்கள். ஏரியில் ஒரு முழம் நிலம் பறிபோகும்பொழுது, பின்னொரு கோடையில் எவருடைய குடமோ வெறுங்குடமாகிறது. தாம் பருகாத நீருக்காக வாதாடிய ஒருவரால் நான்கு ஆண்டுகளில் ஒரு நீர்த்தேக்கம் எழுந்தது. நாம் காணாத கோடைக்கும், நாம் அறியாத மக்களுக்கும் நீர் வைத்துச் செல்லுதலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.